வாசற்படியில் நின்ற சட்டம்

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஒரு பிசிறு கூட இல்லை. அப்படிப்பட்ட பட்டுப் புடவையைக் கடைக்காரர் விரித்துப் போடும்போது, அந்தச் சேர்க்கையை விரலால் தடவிப் பார்க்காத பெண் தமிழ்நாட்டில் இருக்க மாட்டாள். அதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை நெய்வது ஓர் ஆளால் ஆகிற காரியமன்று என்பது புடவை உடுத்துகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளருக்கு ஆண்டவன் கொடுத்த கைகளோ இரண்டுதான். மூன்றாவது நாடாவைத் தள்ளுவதற்குத் தறியின் ஓரத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை. பெரிய வித்தையும் வேண்டியதில்லை. நாடா வந்தால் வாங்க வேண்டும், வாங்கியதைத் திருப்பித் தள்ள வேண்டும். காலை முதல் விளக்கு வைக்கும் வரையில் தூங்கி விழாமல் தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் மற்றப் பட்டுத் தறி ஊர்களிலும் அந்த ஓரத்து இடம் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் இடமாக இருந்தது. அதில் உட்கார்ந்த குழந்தைகள் இரண்டு வகை. ஒன்று, நெசவாளரின் சொந்தப் பிள்ளை. மற்றொன்று, முன்பணம் கொடுத்து அழைத்து வந்த வேறு வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தகப்பனார் ஒரு கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ கை நீட்டி வாங்கிய பணம் கழியும் வரையில், அது அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. பணமோ எளிதில் கழிவதில்லை.

இந்தக் குழந்தையை அங்கிருந்து எழுப்புவது யார் பொறுப்பு? எழுப்பி எங்கே கொண்டு போவது? பெற்றவர்கள் சரியாகப் பார்த்துக் கொள்ளாத பிள்ளையைச் சர்க்கார் எடுத்துக் கொண்டால் அது பிள்ளைக்கு நன்மையா, அல்லது ஒரு துன்பத்தின் மேல் இன்னொரு துன்பமா? உலகம் முழுவதும் இன்று இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. கட்சி கட்டிக் கொண்டு பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் நமது சொந்தச் சரித்திரத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அதில் இரண்டு கட்சிக்கும் சாட்சி இருக்கிறது.

ஆரணிக்குச் சரித்திரம் இல்லாமல் இல்லை. கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் மகாராஷ்டிரர் காலத்தில் ஜாகீராயிற்று. 1751-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, ராபர்ட் கிளைவ் இங்கேதான் ராஜா சாகிப்பின் படையையும் பிரெஞ்சுக்காரரையும் தோற்கடித்தான். 1782-இல் ஹைதர் அலியும் ஸர் அயர் கூட்டும் மோதியதும் இங்கேதான். ஒரு காலத்தில் ஆரணி மஸ்லின் துணிக்குப் பேர் போயிருந்தது. பிறகு பட்டுக்குப் பேர் வந்தது. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் இங்கே வந்து, ஆரணியிலும் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் தறியேறிப் புடவையாகின்றன. கிளைவ் எந்தப் பக்கமாக வந்தான், பீரங்கி எத்தனை கொண்டு வந்தான் என்பதையெல்லாம் எழுதி வைத்தவர்கள், தறியோரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வீட்டுக்குள் நடப்பது சரித்திரமாகாது என்று அக்காலத்தவர் நினைத்தார்கள் போலும்.

ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளையை எடுக்கிற பழக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் பழையது. 1789-இல் எழும்பூரில் ஓர் அநாதை விடுதி ஏற்பட்டது. அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். எல்லோரும் அநாதைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்குத் தாயார் இருந்தாள். அவள் இந்நாட்டுப் பெண், அவ்வளவுதான். தாயாரின் பழக்கவழக்கங்கள் பிள்ளையிடம் ஒட்டாமல் விலக்கி வளர்க்க வேண்டும் என்பது அந்த விடுதியின் நோக்கங்களுள் ஒன்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மணலில் விரலால் எழுதப் பழக்குவதைப் பெல் இந்நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் கற்றுக் கொண்டார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருகிற ஏற்பாட்டையும் அதோடு சேர்த்து, 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது சீமையெங்கும் பரவியது. இந்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் மணல் நல்லது. இந்நாட்டுத் தாயின் மடி மட்டும் ஆகாது!

பெல் கொடியவர் அல்லர். பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தொழிலும் கிடைக்க வேண்டும் என்று உழைத்தவர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளைப் பிரித்தவர்களின் சரித்திரத்தில் ராட்சசர்களைத் தேடினால் அதிகம் பேர் அகப்பட மாட்டார்கள். பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ளவர்களே அகப்படுவார்கள்.

அடுத்த படி 1850-ஆம் ஆண்டுத் தொழில் பயிலுவோர் சட்டம். அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் ஒரு தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்று வந்த சட்டம் அது. பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையில் உள்ள பிள்ளையை ஓர் எஜமானனிடம் தொழிலுக்குக் கட்டுப்படுத்தி வைக்கலாம். கேட்பாரற்ற பிள்ளைக்கு மாஜிஸ்திரேட்டே காப்பாளராக நின்று கையெழுத்திடலாம். பிள்ளையைக் காப்பது என்பதற்கு அன்றைய சர்க்கார் கண்ட பொருள், அதற்கு ஒரு முதலாளியைத் தேடித் தருவது.

இதற்குப் பிறகு வந்தது இன்னும் கடுமை. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1897-இல் அதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள். பட்டியலில் சேர்க்கப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகளை, நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையில், பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைத்துத் திருத்தலாம் என்றது அந்தத் திருத்தம். நான்கு வயதுப் பிள்ளை செய்த குற்றம் என்ன? தாய் தகப்பன் வயிற்றில் பிறந்ததுதான். 1911-இல் அந்தச் சட்டம் சென்னை ராஜ்யத்துக்கும் வந்தது. 1947-இல்தான் இங்கே ஒழிந்தது. 'சர்க்கார் ஆள் பிள்ளையைப் பார்க்க வருகிறான்' என்றால் ஏழைத் தாய்மார் இன்றும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கொள்கிறார்கள் என்றால், அந்தப் பயத்துக்கு வயது நூற்றுக்கு மேல்.

இந்தச் சரித்திரத்தில் மாறுபட்ட ஒரு பக்கமும் இருக்கிறது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். மழை பொய்த்தது, விளைச்சல் போயிற்று, சோற்றுக்கே இல்லாதபோது துணி வாங்குகிறவர் யார்? தறி நின்றது. சர்க்கார் நடத்திய நிவாரண வேலை ரோடு போடுவதும் ஏரி வெட்டுவதும்தான். மண் வெட்டிய நெசவாளரின் கை காய்த்துப் போனால் அது மறுபடி பட்டு நூலைத் தொட முடியாது. குடும்பம் ஒரு முறை ஊரை விட்டுக் கிளம்பினால் தறியைத் திரும்பிக் காண முடியாது. இதை உணர்ந்த சில அதிகாரிகள் 1877-இல் நெசவாளருக்கு நூலைக் கொடுத்து வீட்டிலேயே நெய்யச் சொல்லி, நெய்த துணியைச் சர்க்கார் கணக்கில் வாங்கிக் கொண்டார்கள். பிற்காலத்துப் பஞ்ச விதிகளிலும் இந்த ஏற்பாடு இடம் பெற்றது. அந்தப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனையோ அநாதை விடுதிகளை நிரப்பினார்கள். நூல் வந்து சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளோ சொந்த வீட்டிலேயே இருந்தார்கள். 'குழந்தைப் பாதுகாப்பு' என்ற பெயரே அன்று இல்லை. ஆனாலும் அந்த நூல் செய்த வேலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இனி 1920-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்தக் கதையில் அது முக்கியமான வருஷம். அந்த ஒரே வருஷத்தில் ஒரே சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சென்னைக் குழந்தைகள் சட்டம். இந்தியாவிலேயே இவ்வகைச் சட்டங்களில் இதுதான் முதலாவது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்பற்றின. குற்றம் செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் போடக் கூடாது என்றது இந்தச் சட்டம். அது பெரிய தர்மம். அதோடு நிற்காமல், பிச்சை எடுக்கும் பிள்ளை, வீடில்லாத பிள்ளை, தகாதவர் சகவாசத்தில் இருக்கும் பிள்ளை ஆகியோரையும் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து சர்க்கார் பள்ளியில் சேர்க்கலாம் என்றது. செங்கற்பட்டில் 1887-ஆம் ஆண்டு முதல் இருந்து வந்த சீர்திருத்தப் பள்ளி இதற்குப் பயன்பட்டது.

மற்றொரு காரியம் சென்னை நகராண்மையில் நடந்தது. அப்போது அதன் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். தேவாங்கர் என்னும் நெசவாளர் குலத்தில் பிறந்தவர். சொந்தமாகத் தறிச்சாலை நடத்தியவர். ஆயிரம் விளக்கு நகராண்மைப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல், பகலில் சாப்பாடு போடுவது என்று தீர்மானமாயிற்று.

இரண்டும் ஏழைக் குழந்தையைப் பற்றிய ஏற்பாடுகளே. ஆனால் எவ்வளவு வேற்றுமை பாருங்கள்! முதல் ஏற்பாட்டில் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறது; எப்போது திரும்பும் என்பது கோர்ட்டுக்குத் தெரியும். இரண்டாவதில் பிள்ளை காலையில் போய் மாலையில் தாயிடம் திரும்பி வருகிறது, வயிறு நிறைந்து. இந்த இரண்டு வழிகளும் அன்று முதல் இன்று வரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடி வருகின்றன.

குடும்பத்தோடு பிள்ளை இருப்பதே எப்போதும் நல்லது என்று முடிவு கட்டி எழுந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தறியோரத்துக் குழந்தையை அங்கே உட்கார்த்தி வைத்தது யார்? முதலாளி மட்டுமல்ல. கையெழுத்துப் போட்டது தகப்பனார்.

1929-இல் தொழிலாளர் நிலைமையை ஆராய ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. தலைவர் விட்லி; உறுப்பினரில் நம்மவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் ஒருவர். அமிர்தசரஸில் கம்பளத் தறிகளில் பிள்ளைகள் அடமானமாக இருப்பதை அந்தக் கமிஷன் கண்டது, ஆமதாபாத்தில் கண்டது, சென்னையில் பீடிக் கூடங்களில் கண்டது. 1931-இல் அறிக்கை வெளிவந்தது. அதன் பலனாக 1933-இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையை அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டம் ஏன் ஏட்டளவில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய வக்கீல் வேண்டியதில்லை. குற்றவாளி தகப்பன், புகார் செய்ய வேண்டியவனும் தகப்பன். தன் மேல் தானே புகார் செய்து 50 ரூபாய் கட்டுகிறவன் உலகில் உண்டா? அந்த ஐம்பது ரூபாய் அவனிடம் இருந்திருந்தால் பிள்ளையை அடகு வைத்திருக்கவே மாட்டானே! போதாக்குறைக்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. பிள்ளைக்குக் கெடுதல் இல்லாமல், நியாயமான கூலி மட்டுமே பெற்று, ஒரு வாரத் தவணையில் முறித்துக் கொள்ளக் கூடிய ஒப்பந்தமானால் அது அடகு ஆகாது என்றார்கள். கூலி எது, வட்டி எது என்று தறிக்கூடத்தில் யார் போய்ப் பிரித்துப் பார்ப்பது?

கடனையே ரத்து செய்தால்தான் பிள்ளை விடுபடும் என்பது சர்க்காருக்கு விளங்க இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறிய கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அடிமைக் கடன்களை அடியோடு தள்ளுபடி செய்தது. 1933-ஆம் வருஷச் சட்டம் தகப்பனைத் தண்டிக்கப் பார்த்தது. 1976-ஆம் வருஷச் சட்டம் அவன் கழுத்திலிருந்த கயிற்றை அறுக்கப் பார்த்தது. குடும்பத்தை எதிரியாகப் பார்ப்பதற்கும், குடும்பமும் பிள்ளையைப் போல அகப்பட்டுக் கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமை இது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நமது ராஜ்யத்தில் ஒரு பெரிய போராட்டம் நடந்ததை மறக்கக் கூடாது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. பள்ளிகள் போதவில்லை, இருக்கிற பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம், கைத்தொழிலும் அழியாது என்பது ராஜாஜியின் வாதம். நெசவாளர் மகன் நெசவாளனாகவே சாக வேண்டுமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. 1954-இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் அவர் காலத்தில் பகல் உணவு ராஜ்யமெங்கும் பரவத் தொடங்கியது.

அந்தச் சண்டையில் ஜாதியைப் பற்றிப் பேசினார்கள், அரசியலைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வி ஒரு குழந்தையின் பிற்பகல் யாருக்குச் சொந்தம் என்பதே. வீட்டுக்கா, பள்ளிக்கா, அந்தக் குழந்தைக்கேவா?

கேள்வி அத்துடன் செத்துவிடவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அபாயமான தொழில்களில் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் மூன்றாம் பிரிவில் ஒரு வாசகம் வைத்தார்கள்: குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் தொழிற்கூடத்துக்குத் தடை பொருந்தாது. பட்டுத் தறி எங்கே இருக்கிறது? வீட்டுக் கூடத்தில். அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைத்து வந்து உட்கார்த்தி, 'இவன் என் மைத்துனன் மகன்' என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? சட்டம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள் போயிற்று; நெசவாளர் வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டது. அந்தப் படியைத் தாண்டக் கூடாது என்ற மரியாதை நல்ல மரியாதைதான். அதன் விலையைத் தறியோரத்துப் பிள்ளை கொடுத்தது. 2003-இல் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது.

சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் அளித்த தீர்ப்பை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அத்துடன் அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்குச் சர்க்கார் வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தொகையின் வருமானம் பிள்ளைக்கு. பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்த கூலி நின்று போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதை நீதிபதிகள் உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது. எத்தனை குடும்பத்துக்கு அந்த வேலை கிடைத்தது என்பது வேறு கதை. வழி காட்டியது சரியான வழி.

இதற்குள் தறியோரத்து இடம் மெல்ல மெல்லக் காலியாகத் தொடங்கியது. அதிகாரிகளின் சோதனைகளும் வழக்குகளும் இதற்கு உதவின. இல்லை என்று சொல்ல முடியாது. முதலாளிக்குப் பயம் வந்தது. ஆனால் பயம் ஒன்றே இதைச் செய்யவில்லை. 1982-இல் எம். ஜி. ஆர். காலத்தில் சத்துணவு வந்தது. 2010-இல் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. வேலை பார்த்துச் சம்பாதிக்கும் படித்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் பார்த்த தாய், தன் பிள்ளையும் அப்படி ஆகட்டும் என்று ஆசைப்பட்டாள். இன்று தறியோரத்தில் மூன்றாவது நாடாவைத் தள்ளுகிறவள் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி. அவள் உழைப்புக்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்டால் அது இன்னொரு கட்டுரையாகும்.

2016-இல் சட்டத்தைத் திருத்திப் பதினான்கு வயது வரையில் எந்த வேலையும் கூடாது என்றார்கள். நல்லதுதான். அதிலும் ஒரு விலக்கு: பள்ளி நேரம் போக, விடுமுறையில், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். 1953-இல் தோற்ற பிற்பகல் 2016-இல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதோ என்று சிலர் கேட்டார்கள். அப்பாவுக்குத் தார் சுற்றித் தருகிற பெண் கொத்தடிமையா, கைத்தொழில் கற்கும் அதிர்ஷ்டசாலியா? எத்தனை மணி நேரம் சுற்றுகிறாள், மறுநாள் பள்ளியில் கண் விழித்திருக்கிறாளா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அதைப் பார்க்க ஒருவர் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

அப்படி வருவதற்கு இன்று ஆட்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2015-இல் அதன் இடத்தில் வந்த சட்டமும் ஜில்லாதோறும் குழந்தைகள் நலக் குழு ஏற்படுத்தின. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் உதவி வர வேண்டும் என்பது 1996-இல் பம்பாயில் தொடங்கிய ஏற்பாடு. மீட்ட பிள்ளையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டு வர வேண்டும். குடும்பத்தில் வளர்வதே முதல் உரிமை. விடுதி கடைசி வழி. சட்டத்தில் எழுதியிருப்பது இது.

நடந்தது என்ன? தமிழ்நாட்டு அநாதை விடுதிகளில் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி ஒரு வழக்கு 2007-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. விடுதிகளையெல்லாம் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், விடுதியில் போடுவது ஒன்றே வழியென்று நினைக்கக் கூடாது என்றது கோர்ட். பிறகு 2020-இல் கொள்ளை நோய் வந்தது. நாடெங்கும் குழந்தை விடுதிகளில் அப்போது இருந்த பிள்ளைகள் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம். அவர்களில் 1 லட்சத்து 45 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சில மாதங்களுக்குள் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வாசகர்கள் இந்தக் கணக்கை இன்னொரு முறை படிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு குடும்பம் இருந்தது! அப்படியானால் அந்தப் பிள்ளைகள் விடுதிக்கு வந்தது எதனால்? பெரும்பாலும் ஏழ்மையால். அந்த வருஷக் கடைசியில், வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுங்கள் என்று கோர்ட் உத்தரவிட்டது. 2022 முதல் மத்திய அரசுத் திட்டத்தில், குடும்பத்தில் வைத்து வளர்க்க உதவித் தொகை மாதம் 4,000 ரூபாய். 1877-இல் கொடுத்த நூலின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

விடுதிக்குள் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க இடமில்லை. 1887-இல் தொடங்கிய அந்தச் செங்கற்பட்டு விடுதி இன்றும் இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில், சின்னத் திருட்டு ஒன்றுக்காக அங்கே அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பையன் அடிபட்டு இறந்தான், ஊழியர்கள் கைதானார்கள். பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு விடுதிகளின் சீர்திருத்தம் பற்றி அரசாங்கம் அறிக்கை கேட்டது. பாதுகாக்க என்று கொண்டு போன இடத்திலேயே பிள்ளை போய்விட்டால் அந்தத் தாய்க்கு யார் என்ன சொல்லித் தேற்றுவது?

பணக்கார நாடுகளில் இதெல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ணவும் வேண்டாம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பிள்ளைகளைத் தலைமுறைக் கணக்கில் பிரித்ததற்காக அந்நாட்டுப் பிரதமர் 2008 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் ஜூனில் கனடாப் பிரதமரும் கேட்டார். நார்வேயில் 2011-இல் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளைச் சர்க்கார் எடுத்துக் கொண்டதும், டில்லி வரையில் அது எதிரொலித்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2019 செப்டம்பரில் வேறொரு தாயின் வழக்கில், குடும்ப வாழ்வின் உரிமையை நார்வே மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஆனால் லண்டனில் 2000-ஆம் ஆண்டு நடந்ததையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகும். உறவுப் பெண்மணியின் வீட்டில் வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி மாதக் கணக்கில் சித்திரவதை பட்டு இறந்தாள். ஆஸ்பத்திரி பார்த்தது, போலீஸ் பார்த்தது, சமூக நல இலாகா பார்த்தது, யாரும் எடுக்கவில்லை. 2003-இல் வந்த விசாரணை அறிக்கை, காப்பாற்றச் சந்தர்ப்பம் பல முறை வந்தும் தவறவிட்டார்கள் என்றது. எடுத்ததால் அழிந்த பிள்ளையும் உண்டு. எடுக்காததால் அழிந்த பிள்ளையும் உண்டு.

ஆகவே சர்க்கார் படி தாண்டலாமா கூடாதா என்று கேட்பதில் பயனில்லை. தாண்டத்தான் வேண்டும், தாண்டாமல் நின்ற காலத்தில் தறியோரத்துப் பிள்ளை என்ன ஆயிற்று என்று பார்த்தோம். எதைக் கையில் எடுத்துக் கொண்டு தாண்டுகிறது என்பதே விஷயம். பிள்ளையின் உடம்பில் அடித்த காயம் இருந்தால், அன்றைக்கே தூக்கிக் கொண்டு போக வேண்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. காயம் இல்லாமல் பசி இருந்தால், தூக்க வேண்டியது பிள்ளையை அன்று, வீட்டின் கடனை. இந்த இரண்டையும் பிரித்தறியாத உத்தியோகஸ்தர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் கெடுதலே செய்வார். எழும்பூரில் அன்று நடந்ததும் அதுதான்.

குழந்தைகளைத் தேடி வருகிற அதிகாரிகள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முதல் பத்தியில் பிள்ளையின் பெயர், இரண்டாவதில் வயது, மூன்றாவதில் படிப்பு என்று எழுதிக் கொள்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் இன்னும் ஒரு பத்தி கோடு போட வேண்டும்: 'இந்த வீட்டுக்கு எவ்வளவு கடன், யாரிடம்?' அந்தப் பத்தியை நிரப்பிவிட்டு, பிறகு பிள்ளையின் கையைப் பிடிக்கட்டும்.